பிபிடியை பிரிண்ட் எடுக்கும்போது அனிமேஷன் எங்கே போகிறது?

சில வருடங்களுக்கு முன் முதலாண்டு மாணவர்களுக்கு பப்பிள் சார்ட் நடத்தினேன். எண்களை வரிசைப்படுத்த இருப்பதிலேயே எளிய வழிகளில் ஒன்று அது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். இடப்பக்கம் இருப்பது பெரிதென்றால் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். அப்படியே வரிசையின் கடைசிவரை போக வேண்டும். 5, 3, 8, 1 என்ற நான்கு எண்களை வைத்து அதை ஒரே ஸ்லைடில் அனிமேஷனாகச் செய்திருந்தேன். ஒரு கிளிக் அடித்தால் பழைய வரிசை மறையும், அதே இடத்தில் புது வரிசை வரும். வகுப்பு நன்றாகவே போனது.

தேர்வு நெருங்கியதும் மாணவர்கள் கேட்டார்கள் என்று அந்த பிபிடியை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் ஒரு மாணவி அந்தத் தாளோடு வந்தாள். "சார், இதுல முதல்ல இருக்கிறது 5-ஆ 3-ஆ? ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் 5-ம் 3-ம் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாகியிருந்தன. மூன்றாம் கட்டத்தில் 8-ம் 1-ம் பின்னிக் கிடந்தன. வகுப்பில் அவ்வளவு தெளிவாக இருந்த ஸ்லைடு, தாளில் யாராலும் படிக்க முடியாத ஒன்றாக ஆகியிருந்தது. அதை வைத்துத்தான் அவர்கள் படிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்து வருகிறேன். ஆசிரியர்கள், பயிற்சி கொடுப்பவர்கள், திட்ட அறிக்கை சமர்ப்பிக்கும் மாணவர்கள் என்று எல்லோருக்கும் இது ஒருநாள் வரத்தான் செய்யும்.

பிரிண்டர் எதைப் பார்க்கிறது?

பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடுக்கு இரண்டு தோற்றங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் உட்கார்ந்து தயாரிக்கும்போது தெரிவது. மற்றொன்று, ஸ்லைடு ஷோ ஓட்டும்போது திரையில் தெரிவது. அனிமேஷன் என்பது இரண்டாவதில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் போவது முதல் தோற்றம். அதில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, எந்தப் படம் எதன் மேல் இருக்கிறதோ, அப்படியே தாளுக்குப் போகும். எது முதல் கிளிக்கில் வரும், எது மூன்றாம் கிளிக்கில் போகும் என்ற கணக்கெல்லாம் அச்சுக்குப் பொருட்டே இல்லை.

பழைய ஓஎச்பி ஷீட்டை நினைத்துக்கொண்டால் இது சட்டென்று பிடிபடும். கண்ணாடிபோன்ற அந்த ஷீட்டுகளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேல் வைத்துப் பாடம் நடத்துவார்கள். முதல் ஷீட்டில் உடலின் கோட்டோவியம், அதன்மேல் இரண்டாவது ஷீட்டை வைத்தால் எலும்புகள், மூன்றாவதை வைத்தால் நரம்புகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்கி வைத்த ஐந்து ஷீட்டையும் மேலிருந்து மொத்தமாகப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் அனிமேஷன் ஸ்லைடின் பிரிண்ட். எழுத்துப் பெட்டிக்குப் பின்னணி நிறம் இல்லையென்றால் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து தெரியும். மேலே இருப்பது நிறம் நிரப்பிய பெட்டியோ முழு ஸ்லைடையும் மூடும் புகைப்படமோ என்றால், கீழே இருக்கும் எதுவும் தெரியாது.

வேடிக்கை இல்லை, உண்மையிலேயே பவர்பாயிண்ட் பிறந்ததே அந்த ஷீட்டுகளை அச்சடிப்பதற்காகத்தான். 1987-ல் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்காக அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் அதன் பின்னால் இருந்தவர்கள். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த முதல் பதிப்பில் அனிமேஷன் கிடையாது, வண்ணமும் கிடையாது. கறுப்பு வெள்ளையில் பக்கங்களைத் தயாரித்து, ஓஎச்பியில் வைக்க அச்சடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஒரு ஸ்லைடுக்கு ஒரு தாள் என்ற கணக்கு அன்றைக்கு இயல்பாக இருந்தது. அசைவுகள் பிற்பாடு வந்து சேர்ந்தவை. இன்று நாம் பயன்படுத்தும் நுழைவு, அழுத்தம், வெளியேற்றம், நகர்வுப் பாதை என்ற நான்கு வகைகள் 2002 பதிப்பில்தான் வந்தன. அச்சிடும் பகுதியோ இன்னமும் ஒரு ஸ்லைடுக்கு ஒரு தாள் என்றேதான் கணக்குப் போடுகிறது.

எந்த அசைவு தாளில் என்ன ஆகிறது?

எல்லா அனிமேஷனும் தாளைக் கெடுப்பதில்லை. இது மிக முக்கியம். பலர் ஒரு முறை சூடுபட்டதும் எல்லா அனிமேஷனையும் நீக்கிவிட்டு பிரிண்ட் எடுக்கிறார்கள். அதில் ஒரு பயனும் இல்லை. அனிமேஷனை நீக்கினாலும் பெட்டிகள் அதே இடத்தில் அப்படியேதானே இருக்கும்? பிரிண்டில் ஒரு புள்ளிகூட மாறாது.

ஒவ்வொரு வரியாக வந்து சேரும் ஸ்லைடை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிளிக்கில் ஒரு வரி, இரண்டாம் கிளிக்கில் அடுத்த வரி. வந்தது எதுவும் போவதில்லை. இதை பிரிண்ட் எடுத்தால் எல்லா வரிகளும் வரிசையாக, சுத்தமாக வரும். ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை. உலகத்தில் உள்ள அனிமேஷன் ஸ்லைடுகளில் பெரும்பகுதி இந்த வகைதான் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இதுவும் சிக்கல். கேள்வி முதலில், விடை அடுத்த கிளிக்கில் என்று வைத்திருந்தால், தாளில் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும். வகுப்புக்கு முன்பே தாளைக் கொடுத்தால் மாணவர்கள் யோசிக்கவே மாட்டார்கள், விடை கண்ணெதிரே இருக்கிறதே.

அடுத்தது வந்து போகும் வகை. என் பப்பிள் சார்ட் ஸ்லைடு இதுதான். ஒன்று மறைந்த இடத்தில் இன்னொன்று வருகிறது. தாளில் மறைதல் என்று ஒன்று கிடையாது. எனவே எல்லாம் ஒரே இடத்தில் குவிகிறது. நிஜமான குழப்பம் இங்கேதான்.

நகரும் வகை ஏமாற்றிவிடும். அதே ஸ்லைடை நான் வேறுவிதமாகச் செய்திருக்கலாம். 5 என்ற பெட்டி வலப்பக்கம் நகர, 3 என்ற பெட்டி இடப்பக்கம் நகர, இரண்டும் இடம் மாறிக்கொள்வதுபோல. பார்க்க அழகாக இருக்கும். பிரிண்ட் எடுத்தால் 5, 3, 8, 1 என்று ஒழுங்காக, சுத்தமாக வரும். ஏனென்றால் நகரும் பொருள் எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தில்தான் அச்சாகும். எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்குத் தாளில் சுவடே இருக்காது. தாளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தப்பாகத் தெரியாது, ஆனால் பாடம் முழுவதும் காணாமல் போயிருக்கும். ஒன்றின்மேல் ஒன்று அச்சானால் உடனே கண்ணில் பட்டுவிடும். இது படாது. அதனால் இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

நிறம் மாறுவது, பெரிதாகிச் சிறிதாவது, மினுக்குவது போன்றவையும் அப்படித்தான். "இப்போது நாம் பார்ப்பது இந்த இரண்டு கட்டங்களை" என்று மஞ்சளாக்கிக் காட்டியிருந்தால், தாளில் அது பழைய நிறத்திலேயே இருக்கும்.

வீடியோ வைத்திருந்தால் ஒரு நிலைப்படம் மட்டும் வரும். பெரும்பாலும் அது முதல் காட்சி, பல நேரம் வெறும் கறுப்புக் கட்டம். பவர்பாயிண்டில் வீடியோவைத் தேர்ந்தெடுத்து, போஸ்டர் ஃப்ரேம் என்ற வசதியால் எந்தக் காட்சி நிலைப்படமாக இருக்க வேண்டும் என்று சொல்லலாம். இரண்டு நிமிட வேலை, தாளுக்குப் பெரிய உதவி. அசையும் கிஃப் படங்களுக்கும் ஒரே காட்சிதான் தாளில் கிடைக்கும்.

காலத்தை இடமாக மாற்றுவது

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான். அனிமேஷன் ஒரே இடத்தில் பல நேரங்களைக் காட்டுகிறது. தாளில் நேரம் கிடையாது, இடம்தான் இருக்கிறது. ஆகவே நேரத்தில் பிரிந்திருந்தவற்றை இடத்தில் பிரித்து வைக்க வேண்டும். ஒன்றின்பின் ஒன்றாக வந்ததை, ஒன்றின்பக்கத்தில் ஒன்றாக வைக்க வேண்டும்.

இது புதிய விஷயமும் இல்லை. மார்கழி மாதத்தில் வாரப் பத்திரிகைகளில் வரும் கோலங்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சாகியிருப்பது முடிந்த கோலம் மட்டும். ஆனால் கீழே "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று ஒரு வரி இருக்கும். வாசலில் குனிந்து நிற்பவருக்கு எங்கே தொடங்கி எப்படிப் போக வேண்டும் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கான புத்தகங்களில் முதலில் புள்ளி மட்டும், அடுத்து பாதிக் கோடு, அப்புறம் முழுக் கோலம் என்று மூன்று படங்களாகப் போடுவார்கள். இரண்டுமே சரியான வழிகள்தான். ஒன்று அசைவைச் சொல்லாக மாற்றுகிறது, மற்றொன்று அசைவை அடுத்தடுத்த படங்களாக மாற்றுகிறது. உங்கள் ஸ்லைடுக்கு எது பொருந்தும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் பப்பிள் சார்ட் ஸ்லைடுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். தாளுக்கென்றே ஒரு தனி ஸ்லைடு வரைந்தேன். அதில் நான்கு வரிசைகள். முதல் வரிசையில் 5, 3, 8, 1. அடுத்ததில் 3, 5, 8, 1. பக்கத்தில் "5, 3-ஐ விடப் பெரியது, இடம் மாறின" என்று ஒரு குறிப்பு. மூன்றாவது வரிசையும் 3, 5, 8, 1 தான். அங்கே "5, 8-ஐ விடச் சிறியது, மாற்றம் இல்லை" என்று குறிப்பு. நான்காவதில் 3, 5, 1, 8. "8, 1-ஐ விடப் பெரியது, இடம் மாறின. மிகப் பெரிய எண் கடைசிக்குப் போய்விட்டது." ஒப்பிடும் இரண்டு எண்களைச் சுற்றித் தடித்த கட்டம் போட்டேன்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். திரையில் அந்த மூன்றாவது படி யார் கண்ணிலும் பட்டதில்லை. எதுவும் அசையவில்லை அல்லவா? மாணவர்கள் அதை ஒரு படியாகவே எண்ணவில்லை. தாளில் ஒரே வரிசை இரண்டு முறை வந்ததும், "ஏன் சார் இது ரெண்டு தடவை?" என்று கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரு வேலைதான், மாற்றம் இல்லையென்றாலும் கணினி அந்த நேரத்தைச் செலவழிக்கிறது என்பதை அங்கேதான் விளக்க முடிந்தது. தாள் திரைக்கு இளைத்ததல்ல என்று அன்று தோன்றியது. நான்கு படிகளையும் ஒரே பார்வையில் மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்க்கத் தாளில்தான் முடிகிறது.

கையால் செய்வதும் கருவியால் செய்வதும்

இப்படித் தனி ஸ்லைடு வரைய நேரம் இல்லையென்றால், எளிய வழி ஸ்லைடைப் பிரதி எடுப்பது. அசையும் ஸ்லைடை இடப்பக்கப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினால் நகல் ஒன்று கிடைக்கும். எத்தனை கட்டங்கள் தேவையோ அத்தனை நகல்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கட்டத்துக்கு உரியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்துவிடுங்கள். நகரும் பொருளாக இருந்தால் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இழுத்து வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் பெட்டிகளில் வேண்டியதைப் பிடிக்க முடியாமல் தவிப்பீர்கள். அதற்கு செலக்‌ஷன் பேன் இருக்கிறது. ஆல்ட் விசையோடு எஃப் 10 அழுத்தினால் வரும். ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதில் பட்டியலாகத் தெரியும், பக்கத்தில் ஒரு கண் சின்னம் இருக்கும். கண்ணை மூடினால் அந்தப் பொருள் மறைந்துவிடும், பிரிண்டிலும் வராது.

கேள்வி விடை ஸ்லைடுக்கு இந்தக் கண் சின்னமே போதும். விடைப் பெட்டியின் கண்ணை மூடிவிட்டு பிரிண்ட் எடுங்கள். விடை இருந்த இடம் வெற்றிடமாக வரும், மாணவர்கள் அங்கேயே எழுதிக்கொள்ளலாம். பிரிண்ட் முடிந்ததும் கண்ணைத் திறந்து வைக்க மறக்க வேண்டாம். மறந்தால் வகுப்பில் கிளிக் அடித்தாலும் விடை வராது.

பிரதிகள் திரையில் வரக் கூடாது என்பதற்காக அவற்றை வலது கிளிக் செய்து ஹைட் ஸ்லைடு கொடுத்துவிடலாம். ஷோ ஓட்டும்போது அவை தாண்டிப்போகும். அதாவது 7-வது ஸ்லைடு அசையும் ஸ்லைடு, 8 முதல் 10 வரை அதன் தாள் பிரதிகள் என்றால், திரையில் 7-க்கு அடுத்து 11 வரும். பிரிண்ட் எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக வேண்டும். பிரிண்ட் பக்கத்தில் ஸ்லைடு எண்களைக் கேட்கும் சிறிய பெட்டியில் 1-6, 8-20 என்று தட்டினால் 7 மட்டும் விடுபடும். மறைத்த ஸ்லைடுகளையும் அச்சிடு என்ற இடத்தில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடிக்கடி பிரிண்ட் எடுக்கும் கோப்பு என்றால், கஸ்டம் ஷோ என்ற வசதியில் தாளுக்கான ஸ்லைடுகளை ஒரு பட்டியலாகச் சேமித்து வைக்கலாம். பிரிண்ட் எடுக்கும்போது அந்தப் பட்டியலின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முப்பது ஸ்லைடு, எல்லாவற்றிலும் அனிமேஷன் என்றால் கையால் செய்து மாளாது. பவர்பாயிண்டுக்கு பிபிஸ்ப்ளிட் என்ற இலவச இணைப்பு நிரல் இருக்கிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஸ்லைடாக அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். திறந்திருக்கும் கோப்பையே அது மாற்றும் என்பதால், முதலில் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு அந்த நகலில்தான் ஓட்ட வேண்டும். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸுக்கும் எக்ஸ்பேண்ட் அனிமேஷன்ஸ் என்று இதேபோல ஒரு நீட்சி உண்டு. ஆப்பிளின் கீநோட்டில் வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. பிரிண்ட் எடுக்கும்போதும் பிடிஎஃப் ஆக மாற்றும்போதும் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அச்சிடச் சொல்லும் ஒரு டிக் பெட்டி அதிலேயே இருக்கிறது. கூகுள் ஸ்லைட்ஸில் அப்படி ஒன்று இல்லை, அங்கே நகல் எடுத்துப் பிரிப்பதுதான் வழி.

ஆனால் கருவிக்கு எது முக்கியம் என்று தெரியாது. 40 ஸ்லைடு, ஒவ்வொன்றிலும் ஐந்து கிளிக் என்றால் தொடக்க நிலையையும் சேர்த்து 240 பக்கம் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியாகச் சேரும் ஸ்லைடைக்கூட அது ஆறு பக்கமாக்கிவிடும். அந்த ஆறில் கடைசிப் பக்கம் மட்டும்தான் யாருக்காவது தேவைப்படும். எனவே கருவியை ஓட்டியபிறகு உட்கார்ந்து வேண்டாததை அழிக்க வேண்டியிருக்கும். என் பழக்கம் வேறு. முதலில் எல்லா ஸ்லைடையும் ஒரு முறை புரட்டிப் பார்த்து, ஒரே இடத்தில் இரண்டு பொருள்கள் வரும் ஸ்லைடுகளையும் நகரும் ஸ்லைடுகளையும் மட்டும் குறித்துக்கொள்வேன். வழக்கமாக அவை நான்கைந்துக்கு மேல் இருப்பதில்லை. அவற்றை மட்டும் கையால் பிரித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவேன்.

கணிதம், இயற்பியல் துறைகளில் இருப்பவர்கள் பலர், சமன்பாடுகள் நிறைந்த ஆவணங்களைத் தயாரிக்க உதவும் லேடெக் என்ற மென்பொருளில், ஸ்லைடுக்கென்றே இருக்கும் பீமர் என்ற தொகுப்பைக் கொண்டு ஸ்லைடு செய்வார்கள். டில் டான்டாவ் 2003-ல் தன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக உருவாக்கத் தொடங்கியது அது. பீமரில் நிலைமை தலைகீழ். அங்கே ஒவ்வொரு இடைநிறுத்தமும் தனிப் பக்கமாகவே பிடிஎஃப்பில் வந்துவிடும். அதை அப்படியே அச்சடித்தால் ஒரே ஸ்லைடு ஒரு வரி கூடிக் கூடி ஐந்து தாள்களில் வரும். இதற்காகவே ஆவணத்தின் முதல் வரியில் ஹேண்டவுட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், எல்லா இடைநிறுத்தங்களும் சுருங்கி ஒரு ஸ்லைடுக்கு ஒரு பக்கம் ஆகிவிடும். ஆனால் ஒரு படத்துக்குப் பதில் இன்னொரு படம் வரும் இடங்களில் இந்தச் சொல் மட்டும் போதாது. இரண்டு படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து பக்கத்தைத் தாண்டிவிடும். தாள் வடிவத்தில் இதைக் காட்டு, இதைக் காட்டாதே என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் சொல்லும் வசதி பீமரில் உண்டு. தாளையும் திரையையும் முதலிலிருந்தே இரண்டு வேறு பொருளாக நினைத்துச் செய்யப்பட்ட மென்பொருள் அது. எனக்கு அந்த அணுகுமுறை மிகவும் பிடிக்கும்.

பவர்பாயிண்டிலேயே மார்ஃப் என்ற மாற்றத்தைப் பயன்படுத்திப் பழகினால் பாதிப் பிரச்சினை வராது. இரண்டு ஸ்லைடுகளில் ஒரே பொருளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது அது தானாக நகர்வதுபோல் காட்டும். திரையில் அனிமேஷன்போலவே இருக்கும். ஆனால் கட்டங்கள் ஏற்கெனவே தனித்தனி ஸ்லைடுகளாக இருப்பதால் தாளிலும் தனித்தனியாகவே வரும். இன்று அந்த பப்பிள் சார்ட் ஸ்லைடைப் புதிதாகச் செய்தால் இப்படித்தான் செய்வேன்.

ஒரு தாளில் எத்தனை ஸ்லைடு?

"சார், ஒரு பக்கத்துல ஆறு போடட்டுமா, நாலு போடட்டுமா?" ஜெராக்ஸ் கடையில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் ஆறு என்றுதான் சொல்கிறார்கள், காசு மிச்சம் என்று. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இப்போதைய பவர்பாயிண்டில் வழக்கமான அகல ஸ்லைடு 13.33 அங்குலம், அதாவது சுமார் 34 செ.மீ. அகலம். ஏ4 தாளின் அகலமே 21 செ.மீ.தான். ஒரு பக்கத்துக்கு ஆறு என்றால் இரண்டு பத்தியாக வரும், ஒரு ஸ்லைடுக்கு ஏறத்தாழ 8.5 செ.மீ. கிடைக்கும். நான்கில் ஒரு பங்கு. நீங்கள் 24 அளவில் போட்ட எழுத்து 6 அளவுக்கு வந்துவிடும். ஆங்கில எழுத்தையே அந்த அளவில் கஷ்டப்பட்டுத்தான் படிக்க வேண்டும். தமிழ் எழுத்துகளின் சுழிகளோ அந்த அளவில் அடைத்துக்கொண்டுவிடும். ண-வும் ன-வும் பார்க்க ஒன்றுபோல ஆகிவிடும், மேலே இருக்கும் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்லைடு போட்டால், விளிம்பு போக 19 செ.மீ. அகலம் கிடைக்கும். அப்போது 24 அளவு எழுத்து 13 அளவுக்கு வரும். சாதாரணப் புத்தக எழுத்தைவிடவே கொஞ்சம் பெரிது. இரண்டு ஸ்லைடுகளும் சேர்ந்து 21.4 செ.மீ. உயரத்தை எடுத்துக்கொள்ள, 29.7 செ.மீ. தாளில் குறிப்பு எழுதவும் இடம் மிஞ்சும். தமிழில் செய்த ஸ்லைடு என்றால் என் பரிந்துரை இதுதான். ஒரு தாளில் பல ஸ்லைடுகளை அச்சிடும் பவர்பாயிண்டின் ஹேண்டவுட் அமைப்பு விளிம்புகளைத் தாராளமாக விடுவதால், முதலில் பிடிஎஃப் ஆக்கி, பிடிஎஃப் படிப்பானில் ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்று கொடுத்தால் ஸ்லைடு இன்னும் பெரிதாக வரும்.

ஒரு பக்கத்துக்கு மூன்று என்ற அமைப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதில் ஒவ்வொரு ஸ்லைடின் வலப்பக்கமும் எழுதிக்கொள்ளக் கோடுகள் போட்டிருக்கும். அனிமேஷன் பாடங்களுக்கு அந்தக் கோடுகள் பொன்னானவை. திரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே மாணவர்கள் தங்கள் சொற்களில் எழுதிக்கொள்வார்கள். ஸ்லைடு சிறியதாகத்தான் இருக்கும், எழுத்து குறைவாகவும் படம் அதிகமாகவும் இருந்தால் பரவாயில்லை.

நோட்ஸ் பேஜஸ் என்ற அமைப்பை ஏனோ பலர் தொடுவதே இல்லை. மேலே ஸ்லைடு, கீழே நீங்கள் நோட்ஸ் பகுதியில் எழுதியது என்று ஒரு முழுப் பக்கம் வரும். "முதலில் 5-ம் 3-ம் இடம் மாறுகின்றன, பிறகு..." என்று வகுப்பில் பேசுவதை அங்கே நான்கு வரி எழுதிவிட்டால், அந்தக் கோலத்தின் கீழ் இருந்த வரிபோல அது வேலை செய்யும். வகுப்புக்கு வர முடியாத மாணவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல தாள் இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலான பிரதிகள் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கப்படுகின்றன. ஒப்பிடும் எண்ணுக்கு ஆரஞ்சு, முடிந்த எண்ணுக்குப் பச்சை என்று வைத்தால் திரையில் பளிச்சென்று இருக்கும். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். அதனால் நிறத்தோடு தடித்த கோடோ அடிக்கோடோ சேர்த்தே போடுவது நல்லது. பவர்பாயிண்டின் வியூ பகுதியில் கிரேஸ்கேல் என்று கொடுத்தால் தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொருளையும் வெளுப்பாகவோ கறுப்பாகவோ அச்சிடச் சொல்லும் வசதியும் அங்கேயே இருக்கிறது. கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று செய்தவர்கள் கட்டாயம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன்

பென் டிரைவில் பிபிடி கோப்பை அப்படியே கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வேறு எழுத்துரு உட்கார்ந்துகொள்ளும், வரிகள் இடம் மாறும், கவனமாகப் பிரித்து வைத்த கட்டங்கள் மறுபடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே வராது, ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போனால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே போகும். பவர்பாயிண்டில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால், வெறும் ஸ்லைடாகவா, ஹேண்டவுட்டாகவா, நோட்ஸோடா என்று அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். மறைத்து வைத்த ஸ்லைடுகளைச் சேர்க்கவா என்ற கேள்வியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிரதிகளை மறைத்து வைத்திருப்பவர்கள் அதில் டிக் செய்ய மறந்தால், பாடுபட்டுப் பிரித்த பக்கங்கள் எதுவும் பிடிஎஃப்பில் வராது.

அப்புறம், 60 பிரதி வேண்டுமென்றால் எடுத்த எடுப்பில் 60 சொல்லாமல், இருப்பதிலேயே அசைவு அதிகமான அந்த ஒரு ஸ்லைடு உள்ள பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து, வகுப்பில் இல்லாத யாரிடமாவது காட்டுங்கள். வீட்டில் இருப்பவர், பக்கத்து மேஜைக்காரர், யாராக இருந்தாலும் சரி. எது முதலில், எது அடுத்து என்று அவர் விரலை வைத்துச் சரியாகக் காட்டிவிட்டால் மிச்சம் 59-ஐயும் எடுக்கச் சொல்லலாம்.